மூன்றாவது கணக்கு

ஆவுடையப்பன் விடைபெறத்தான் வந்திருந்தார்.

தமிழில் கேள்விக்குச் சொல்லும் பதிலும் விடைதான், கிளம்பக் கேட்கும் அனுமதியும் விடைதான். இரண்டுக்கும் ஏன் ஒரே சொல் என்று அவர் யோசித்ததில்லை. அவர் காற்றாலைப் பொறியாளர். பழுதாகும் வரை எதைப் பற்றியும் யோசிக்காத தொழில் அது.

பாளையங்கோட்டையில் ஒரு பல் மருத்துவமனையின் மேல்மாடியில் இருந்தது அந்தப் பயிற்சி மையம். எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வு எழுதுகிறவர்களுக்கு அங்கே கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஹெப்சிபா. குரு என்ற வடசொல்லுக்குக் கனமானவர் என்றும் ஒரு பொருள் உண்டு. இந்தக் குரு நாற்பத்தெட்டு கிலோ. வயது இருபத்தாறு. சீடருக்கு முப்பத்தைந்து வயது, எண்பத்து மூன்று கிலோ. குரு சீடரை அண்ணே என்று கூப்பிட்டார். சீடர் குருவை டீச்சர் என்றார். மற்ற மாணவர்கள் டீச்சரை மிஸ் என்றும், ஆவுடையப்பனை அவர் இல்லாதபோது சித்தப்பா என்றும் சொன்னார்கள்.

அன்று வெள்ளிக்கிழமை. மதியம் மூன்று மணிக்குச் சற்று முன்பு. வகுப்பு இல்லை. கீழே யாருடைய பல்லையோ துளைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஹெப்சிபா விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"வாங்கண்ணே. இன்னைக்கு லீவுல்லா?"

"தெரியும் டீச்சர். புக்கைக் கொடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

நான்கு தடித்த புத்தகங்களை மேசைமேல் வைத்தார்.

"நாளன்னைக்குப் பரீட்சை."

"எழுதல."

சிவப்புப் பேனா ஒரு கணம் நின்றது. பிறகு ஒரு பெருக்கல் குறி போட்டது.

"ஞாயித்துக்கிழமை டூட்டி போட்டுக்கிடுதேன்னு எங்க சூப்பர்வைசர் சேவியர் சார்ட்ட சொல்லப் போறேன். நாலு மணிக்குள்ள சொல்லணும். அவரே போன் போட்டாலும் போடுவாரு."

"முழங்கால்?"

"இருக்குத வரைக்கும் ஏறும்."

அந்த முழங்கால்தான் எல்லாவற்றுக்கும் காரணம். பணகுடிப் பக்கத்துக் காற்றாலைகளில் பன்னிரண்டு வருடமாக ஆவுடையப்பன் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். எண்பது மீட்டர் ஏணி. எலும்பு மருத்துவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு வருடம் என்றார். ஆவுடையப்பன் கம்பெனியில் மேசை வேலை கேட்டார். அதற்கு எம்.பி.ஏ. வேண்டும் என்றார்கள். கோபுரத்திலிருந்து கீழே இறங்கக் கல்லூரி வழியாகப் போக வேண்டியிருந்தது.

மாதிரித் தேர்வுகளில் அவருக்குத் தொண்ணூற்றாறு வந்துகொண்டிருந்தது. நூறு பேரில் தொண்ணூற்றாறு பேரைத் தாண்டி நிற்பவர் என்று அர்த்தம். பெர்சென்டைல் என்பார்கள். நூற்றுமானம் என்று பள்ளிப் பாடப் புத்தகத்தில் அழகான சொல் இருக்கிறது. அதைச் சொன்னால் அந்த மாடியில் ஒருவருக்கும் புரியாது, டீச்சர் உட்பட.

நவம்பர் கடைசியில் பெரிய தேர்வு நடந்தது. அதில் அவருக்கு வந்தது அறுபத்தொன்று.

ஞாயிற்றுக்கிழமை நடக்க இருந்தது இரண்டாவது தேர்வு. இன்னொரு வரிசைக் கல்லூரிகளுக்கானது. இந்த வருடத்துக்கு அதோடு சரி. அடுத்த வருடம் வரை முழங்கால் தாங்கலாம், தாங்காமலும் போகலாம்.

"சரிண்ணே," என்றார் ஹெப்சிபா. "உக்காருங்க."

உட்கார்ந்தார். உட்காரும்போது முழங்கால் சத்தம் போட்டது. இருவரும் கேட்காததுபோல் இருந்தார்கள்.

பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். ஓரம் மடங்கிக் கறுத்திருந்தது.

"ஆனா ஒண்ணு டீச்சர். கண்டுபிடிச்சிட்டேன்."

"எதை?"

"தொட்டியை. பதினாலு மணி நேரம்."

பெரிய தேர்வின் கணக்குப் பகுதியில் மூன்றாவதாக வந்த கேள்வி அது. ஒரு தொட்டி. அதை நிரப்ப மூன்று குழாய்கள், வடிக்க ஒரு குழாய். ஒவ்வொன்றையும் ஒவ்வொரு நேரத்தில் திறக்கிறார்கள். போதாததற்கு, முக்கால் உயரத்தில் ஓர் ஓட்டை. தொட்டி எப்போது நிரம்பும்?

கணக்குப் புத்தகங்களில் தொட்டி கட்டுகிறவர்கள் ஒரு தனி இனம். தண்ணீரைத் திறந்துவிட்டபடியே வடிகுழாயையும் திறப்பார்கள். ஓட்டை எந்த உயரத்தில் இருக்கிறது என்று அளந்து வைத்திருப்பார்கள், அடைக்க மாட்டார்கள். மற்ற மாணவர்கள் இதைச் சகித்துக்கொண்டார்கள். ஆவுடையப்பனால் முடியவில்லை. பன்னிரண்டு வருடத்தில் அவர் பழுது என்று எழுதிய எதையும் சரிசெய்யாமல் கையெழுத்துப் போட்டதில்லை.

"அன்னைக்கு இன்னும் ரெண்டு நிமிஷம் கிடைச்சிருந்தா முடிச்சிருப்பேன் டீச்சர். வடிகுழாயை முன்னாலயே கழிச்சிட்டேன். அங்கதான் தப்பு. பஸ் ஸ்டாண்டுல உக்காந்து ஞாபகத்துல இருந்து கேள்வியை எழுதி வச்சேன். நாப்பது நாள். இந்தா, அஞ்சு வழியில போட்டிருக்கேன். அஞ்சுலயும் பதினாலு."

"நல்லா இருக்கு."

"உங்களுக்கும் அனுப்பிருந்தேனே. ஆறு தடவை."

"வந்துச்சு."

"பதில் போடலையே."

"ஆமா." தாளைப் புரட்டினார். "அன்னைக்கு அதுக்கு எத்தனை நிமிஷம் ஆச்சு?"

"இருபத்தேழு."

"கணக்குப் பகுதி மொத்தம்?"

"நாப்பது."

"எத்தனை மார்க் அதுக்கு?"

ஆவுடையப்பன் நோட்டை மூடினார்.

"மூணு."

கீழே துளைக்கும் சத்தம் நின்றது. யாரோ வாய் கொப்பளித்தார்கள்.

"டீச்சர், ஒண்ணு கேக்கட்டா? கேலி பண்ணக் கூடாது."

"கேளுங்க."

"ஞாயித்துக்கிழமையும் இதே மாதிரி ஒண்ணு வந்தா நான் என்ன செய்வேன்?"

ஹெப்சிபா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி மூன்று. அலமாரியிலிருந்து ஒரு கேள்வித்தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"நாலு மணிக்குத்தானே போன்? நாப்பது நிமிஷம். எழுதுங்க."

"இப்பவா? எழுதி என்ன ஆகப்போவுது?"

"திருத்துறதுக்கு ஒரு பேப்பர் குறையுது."

"விளையாடாதீங்க டீச்சர்."

"மூணு மணி ஒரு நிமிஷம். ஆரம்பிச்சாச்சு."

பன்னிரண்டு வருடம் மேலதிகாரிகளுக்குக் கீழே வேலை பார்த்தவர். ஆரம்பிச்சாச்சு என்றால் கை தானாகப் பேனாவை எடுக்கும். எடுத்தது.

இருபத்திரண்டு கேள்விகள். முதலாவது, வட்டி. ஒன்றரை நிமிடம். இரண்டாவது, இரண்டு ரயில்கள். அவை ஒன்றையொன்று கடந்தன.

மூன்றாவது, ஒரு தொட்டி.

அவர் தலையைத் தூக்கி டீச்சரைப் பார்த்தார். டீச்சர் இன்னொருவரின் விடைத்தாளில் இருந்தார்.

அதே தொட்டி. மூன்று குழாய்கள் நிரப்பின, ஒன்று வடித்தது, முக்கால் உயரத்தில் அதே ஓட்டை. எண்கள் மட்டும் வேறு. ஆவுடையப்பனுக்கு உள்ளங்கை வேர்த்தது. அது பயமில்லை. தெருவில் தன்னை அடித்தவனைத் தனியாகப் பார்க்கும்போது வருகிற வேர்வை. அஞ்சு வழி தெரியும். இப்போது வா என்றார் மனதுக்குள்.

முதல் வழியில் போனார். முக்கால் தொட்டி ஏழு மணி நேரத்தில் நிரம்பியது. நல்லது. மீதிக் காலுக்கு ஓட்டையைச் சேர்த்தார். விடை வந்தது.

மைனஸ் ஆறு மணி நேரம்.

குழாயைத் திறப்பதற்கு முன்னாலேயே நிரம்பிவிட்ட தொட்டி! அவர் அடித்துவிட்டு மறுபடி போட்டார். மைனஸ் ஆறு. இரண்டாவது வழி. மைனஸ் ஆறு. வடிகுழாயை எங்கே கழிக்கிறோம்? சரியான இடத்தில்தான். அப்படியானால் ஓட்டை. ஓட்டையில்தான் ஏதோ இருக்கிறது. ஓட்டையில்தான் எப்போதும் இருக்கும்.

கடிகாரம் மூன்று பத்து காட்டியது.

விட்டுவிட்டு நான்காவதுக்குப் போகலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. உடனே இன்னொன்று வந்தது: இவ்வளவு நேரம் போட்டாச்சே. அந்த இரண்டாவது குரல் அவருக்குப் பழக்கமானது. நவம்பரில் தேர்வு அறையில் இருபத்தேழு நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த குரல். மிக மரியாதையான குரல். இன்னும் ரெண்டே நிமிஷம் சார் என்று கெஞ்சும்.

மூன்றாவது வழியில் இறங்கினார்.

"அண்ணே, ஒரு சந்தேகம்," என்றார் ஹெப்சிபா.

"டீச்சர், எழுதிட்டிருக்கேன்."

"எழுதுங்க, எழுதுங்க. மேல ஏறி ஒரு பழுதைப் பிரிச்சுப் போட்டிருக்கீங்க. பாதி வேலை ஆயிருச்சு. அப்பம் பாத்து காத்து கூடுது. என்ன செய்வீங்க?"

"பதினஞ்சைத் தாண்டுனா இறங்கணும்."

"பதினஞ்சுன்னா?"

"வினாடிக்குப் பதினஞ்சு மீட்டர். டீச்சர், ப்ளீஸ்."

"யார் சொல்லுவா பதினஞ்சுன்னு?"

"கீழ இருந்து வயர்லெஸ்ல ஒருத்தன் சொல்லுவான்."

"ரெண்டு போல்ட்தான் பாக்கின்னா?"

"இறங்கணும்."

"ஒரே ஒரு போல்ட்?"

ஆவுடையப்பனுக்குக் கோபம் வந்தது. தெரியாதவர்கள் தொழிலைப் பற்றிப் பேசினால் அவருக்கு எப்போதும் வரும் கோபம்.

"எத்தனை போல்ட் பாக்கின்னு காத்து எண்ணிப் பாக்காது டீச்சர். போன ஆடியில கியர்பாக்ஸை அப்படியே திறந்து போட்டுட்டு இறங்குனோம். நாலு நாள் அப்படியே கிடந்துச்சு. இறங்குன்னா இறங்கணும். மேல நின்னு பேசிக்கிட்டு இருக்கப்பிடாது."

"இறங்குதப்ப மனசு கஷ்டமா இருக்குமோ?"

"பசிக்கும்."

"சரி, எழுதுங்க. பேச்சுல உங்க நேரம் ரெண்டு நிமிஷம் போச்சு. மன்னிச்சுக்கிடுங்க."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று பதின்மூன்று. இரண்டு நிமிடம் இல்லை, மூன்று.

தாளில் பேனா முனை நின்றிருந்த இடத்தில் மை ஊறி ஒரு புள்ளி பெரிதாகிக்கொண்டிருந்தது. மூன்றாவது வழியில் பாதி தூரம் வந்திருந்தார். இன்னும் ஒரு வரி, இரண்டு வரி. ஓட்டையை மணிக்கு எவ்வளவு என்று மாற்றி எழுதினால் போதும். அந்த வரியை எழுத ஆரம்பித்தார். முதல் எண்ணைப் போட்டார்.

நிறுத்தினார்.

பக்கத்தைத் திருப்பினார். உடனே பழைய பக்கத்துக்கு வந்தார். டீச்சர் பார்க்கிறாரா என்று பார்த்தார். பார்க்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. யாராவது, விடுங்க அண்ணே என்று சொன்னால் எதிர்த்து வாதாடலாம். வாதாட ஆள் இல்லை. கீழேயிருந்து பல் துளைக்கும் சத்தம் மறுபடி எழுந்து ஒரே சுருதியில் ஏறிக்கொண்டே போனது.

"பதினஞ்சு," என்றார்.

தன் வாயிலிருந்துதான் வந்தது என்று தெரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. ஹெப்சிபா ஒரு தாளை முடித்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.

ஆவுடையப்பன் பக்கத்தைத் திருப்பினார்.

நான்காவது, பாலில் தண்ணீர் கலப்பது. எழுதிக்கொண்டிருக்கும்போதே பின்பக்கத்தில் தொட்டி சொட்டுவது காதில் விழுந்தது. ஐந்தாவதில் ஓர் எளிய கூட்டலைத் தப்பாகப் போட்டு, கண்டுபிடித்துத் திருத்தினார். ஆறாவதைப் படித்தார், வராது என்று தெரிந்தது, தொடாமல் தாண்டினார். ஏணியில் இறங்கும்போது கால் ஒரு படியைத் துழாவுகிற அந்த அரை நொடி மாதிரி இருந்தது. ஏழாவது வந்தது. எட்டாவதும் வந்தது. பன்னிரண்டாவதில் இருந்தபோது எதையோ மறந்துவிட்டோமே என்று தோன்றியது. தொட்டி.

மூன்று முப்பத்தெட்டுக்குக் கடைசிக் கேள்வியைத் தொட்டுவிட்டார். மூன்று நிமிடம் மிச்சம்.

மூன்று நிமிடம். கெஞ்சுகிற குரல் இரண்டுதான் கேட்டுக்கொண்டிருந்தது. இது அதைவிட அதிகம்.

முன்பக்கத்துக்குத் திரும்பினார். தொட்டியைப் பார்த்தார். அரைகுறையாக நின்ற வரியைப் பார்த்தார். அதைத் தாண்டி ஆறாவதுக்கு வந்தார், ஒன்றும் தெரியவில்லை. பதினாறாவதுக்கு வந்தார். அதில் ஒரு முக்கோணம் இருந்தது. முதல் தடவை பார்த்தபோது பிடிபடாதது இப்போது பிடிபட்டது. அவசர அவசரமாக எழுதினார்.

"நேரம் முடிஞ்சு," என்றார் ஹெப்சிபா.

தாளை நீட்டினார்.

ஹெப்சிபா திருத்த ஆரம்பித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சிவப்புப் பேனா போகும் திசையை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று ஆவுடையப்பன் எட்டிப் பார்த்தார். ஹெப்சிபா இடக்கையால் மறைத்துக்கொண்டார்.

போன் அடித்தது. சேவியர்.

ஆவுடையப்பன் போனைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார்.

"எத்தனை டீச்சர்?"

"இன்னும் திருத்தல."

"குத்துமதிப்பா?"

"பாதிகூட ஆகல."

போன் நான்காவது தடவை அடித்தது. ஐந்தாவது தடவை. இன்னும் ஒன்று அடித்தால் நின்றுவிடும். மார்க் தெரிந்தால் சொல்ல வேண்டியது தெரிந்துவிடும் என்று அவருக்கு இருந்தது. சிவப்புப் பேனா அவசரப்படவில்லை.

எடுத்தார்.

"சொல்லுங்க சார்."

சேவியர் காற்றிலும் கேட்கிற குரலில் பேசிப் பழகியவர். அறை முழுக்கக் கேட்டது. "வே ஆவுடை, ஞாயித்துக்கிழமை உம்ம பேரை எழுதிரட்டா? ரெண்டு டவர் இருக்கு."

"இல்ல சார். வேற ஆளைப் போட்டுருங்க."

"நேத்து வந்தாலும் வருவேன்னீரு? என்ன, கல்யாணம் காட்சியா?"

"பரீட்சை சார்."

"அதான் நவம்பர்லயே எழுதித் தொலைச்சீரே. ஊத்திக்கிச்சுன்னு சொன்னாங்க."

"ஆமா சார். இது வேற."

"இதுவும் ஊத்திக்கிட்டா?"

ஆவுடையப்பன் மேசைமேல் இருந்த புத்தகங்களைத் தன் பக்கம் இழுத்தார்.

"திங்கக்கிழமை டூட்டிக்கு வந்துருவேன் சார்."

மறுமுனையில் ஒரு சிரிப்பு. பிறகு இணைப்பு அறுந்தது. சிரித்தது நல்லதற்கா கெட்டதற்கா என்று தெரியவில்லை. அதைக் கண்டுபிடிக்க அவர் முயலவில்லை.

ஹெப்சிபா தாளைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினார். ஆவுடையப்பன் பதின்மூன்று கேள்விகளுக்கு எழுதியிருந்தார். பதினொன்று சரி, இரண்டு தப்பு. சரிக்கு மூன்று போட்டு, தப்புக்கு ஒவ்வொன்றாகக் கழித்தால் முப்பத்தொன்று. மாதிரித் தேர்வுகளில்கூடக் கணக்குப் பகுதியில் அவ்வளவு மதிப்பெண் வந்ததில்லை.

அவர் அந்த எண்ணை இரண்டு முறை பார்த்தார். சந்தோஷப்பட்டாரா என்றால், பட்டார். முகம் அதைக் காட்டப் பழகவில்லை, அவ்வளவுதான். புத்தகங்களைப் பையில் எடுத்து வைத்தார். எழுந்தார். முழங்கால் சத்தம் போட்டது. வாசல் வரை போனவர், திரும்பி வந்தார்.

ஹெப்சிபாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பேனாவைக் கீழே வைத்திருந்தார்.

"டீச்சர், கோவிச்சுக்கப்பிடாது."

"கேளுங்க."

"அந்த மூணாவது கணக்கு. அதுக்கு என்ன விடை?"

"எது, தொட்டியா?"

"என் கணக்குக்கு அது மைனஸ்ல போவுது. நிரம்பவே மாட்டேங்குது."

"அப்படியா?" ஹெப்சிபா முதல்முறையாக ஆர்வத்தோடு நிமிர்ந்தார். "நீங்க அனுப்புனதுல நம்பரை மாத்திப் போட்டேன். மாத்தினா நிரம்பாதோ என்னமோ."

"நீங்க போட்டுப் பாக்கலையா?"

"இல்லண்ணே."

"நான் அனுப்புனதையாவது? பழைய நம்பர்ல? ஆறு தடவை அனுப்புனேனே!"

"இல்ல."

ஆவுடையப்பன் நாற்பது நாள் நோட்டை மறுபடி மேசைமேல் வைத்தார்.

"ஏன் டீச்சர்?"

ஹெப்சிபா அடுத்த விடைத்தாளை எடுத்து விரித்தார்.

"மத்த இருபத்தொண்ணும் இருந்துச்சுல்லா."